சீசன் ஆள்

பத்து மணிக்கு இன்டர்வியூ என்றார்கள். பத்தேகால் ஆகிவிட்டது, பிரின்சிபால் அறைக் கதவு இன்னும் சாத்தியே கிடக்கிறது, நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். பதினோரு வருஷமாக இந்த நர்சிங் காலேஜ் ஹாஸ்டலில் சமைக்கிறேன், இந்த பெஞ்சில் உட்காருவது இதுதான் முதல் தடவை. இதே வராந்தா வழியாக எத்தனையோ முறை டீத்தட்டு கொண்டுபோயிருக்கிறேன், விருந்தாளிகளுக்கு வடை கொண்டுபோயிருக்கிறேன், பெஞ்சைத் தாண்டித்தான் போயிருக்கிறேன். உட்கார்ந்தால் கைக்கு வேலையில்லை. கை தானாக இடுப்பைத் தடவுகிறது, கரித்துணி செருகியிருக்கும் இடம் அது, இன்றைக்கு அங்கே ஒன்றும் இல்லை, மகள் செண்பகம் இஸ்திரி போட்டுக் கொடுத்த நீலச் சேலையின் மடிப்புதான் இருக்கிறது. முற்றத்துக்கு அந்தப் பக்கம் மெஸ். அங்கிருந்து புகைபோக்கி மின்விசிறி ஓடும் சத்தம் கேட்கிறது, அது நின்றால்தான் எனக்கு பயம். கூடச் சமைக்கும் வேலம்மாளிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். புளியை ஊறப்போட்டு வைத்திருக்கிறேன், கரைத்திருப்பாளா, அரிசியை மூன்று தண்ணீர் கழுவியிருப்பாளா, இருநூற்று எண்பது பிள்ளைகள், பன்னிரண்டரைக்கெல்லாம் வார்டு டியூட்டி முடித்துப் பசியோடு வந்து நிற்கும். சாரல் விட்டுவிட்டுத் தூறுகிறது. மலை தெரியவில்லை, மேகம் மூடிவிட்டது. குற்றாலத்தில் தண்ணீர் விழுந்திருக்கும். சீசன் வந்துவிட்டது. இந்த வார்த்தையை நினைக்கக் கூடாது என்றுதானே காலையிலிருந்து சுற்றிச்சுற்றி வந்துகொண்டிருக்கிறேன். சீசன்.

கையில் ஜாஸ்லின் மேடம் எழுதிக்கொடுத்த லெட்டரின் ஜெராக்ஸ் இருக்கிறது. மேடம்தான் எங்களுக்கு வார்டன், போன வருஷம் ரிட்டயர் ஆகி நாகர்கோவிலுக்குப் போய்விட்டார்கள். போகிற அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு, முப்பிடாதி, இதை பத்திரமா வச்சுக்க, ஒருநாள் உதவும் என்று கவரில் போட்டுக் கொடுத்தார்கள். நானும் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஏப்ரலில் தலைமைச் சமையல்காரர் சுப்பையா மாஸ்டர் வேலையை விட்டு நின்றதும், அந்த இடத்துக்கு நிரந்தரமாக ஒரு ஆளை எடுக்கப்போகிறோம், இன்டர்வியூ உண்டு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் இத்தனை வருஷமும் தினக்கூலிதான். லெட்டரை எடுத்து மனுவோடு வைத்துக் கொடுத்தேன். கொடுக்குமுன் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்தேன், எட்டாம் வகுப்பு இங்கிலீஷ், மொத்தம் நான்கு வரி. இரண்டாவது வரியில் ஒரு வார்த்தை மட்டும் எனக்கு உடனே தெரிந்தது. எஸ், ஈ, ஏ, எஸ், ஓ, என். எட்டு வருஷம் குற்றாலம் லாட்ஜில் வேலை பார்த்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா, வாசலில் பெயின்ட்டில் எழுதியிருக்குமே, சீசன் ரேட் என்று. இங்கே அதற்கு ஒரு வால் இருந்தது, ஈ, டி. முதலில் ஒன்றும் தோன்றவில்லை. நேற்று மத்தியானம் ஆபீசில் கிளார்க் அருணாசலம் சாரிடம் கேட்டேன், சார், இந்த வார்த்தைக்கு என்ன சார் அர்த்தம் என்று. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சீசன்ட் குக். சீசன்னா சீசன்தான் முப்பிடாதி. சீசனுக்கு வந்துட்டுப் போற ஆளுன்னு போட்டிருக்காங்க." அவர் கெட்ட மனிதர் இல்லை. தெரிந்ததைச் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு, இதை ஏன் கொண்டுவந்து கொடுத்த, கொடுக்காம இருந்திருக்கலாமே என்றார் பாருங்கள், அப்போதிலிருந்து இந்த ஜெராக்ஸைக் கையைவிட்டு வைக்கவில்லை.

சீசன் ஆள். அப்படித்தான் கூப்பிடுவார்கள் லாட்ஜில். பேர் எல்லாம் கிடையாது. ஏ சீசன் ஆளு, இங்க வா. ஜூன் மாசம் சாரல் அடித்ததும் ஆள் விடுவார்கள், ஆகஸ்ட் முடிந்து அருவி நூலாகிப் போனதும், போயிட்டு அடுத்த சீசனுக்கு வாங்க என்பார்கள். மூன்று மாசம் அடுப்படி, ஒன்பது மாசம் பீடித்தட்டு. முதல் வருஷம் நான் போய் நின்றபோது லாட்ஜ் மாஸ்டர் என் கையை வாங்கி முகர்ந்து பார்த்தார், புகையிலை வாடை, மூணு தடவ சோப்பு போட்டுக் கழுவிட்டு வா என்றார், கழுவிவிட்டு வந்தேன், மறுபடி முகர்ந்தார், மறுபடி போ என்றார். அன்றைக்கு எனக்கு இருபத்தெட்டு வயது, செண்பகம் இடுப்பில் இருந்தாள், என் வீட்டுக்காரர் கேரளாவுக்குக் கல்லுடைக்கப் போனவர் போனவர்தான். நிரந்தர ஆட்கள் முன்னால் உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சீசன் ஆட்கள் பின்னால், விறகுக் கொட்டகையில். எனக்கு அதில் வருத்தம் இல்லை, சாப்பாடு ஒன்றுதான், நானே சமைத்தது. வருத்தம் என்னவென்றால், எட்டாவது வருஷம் ஒரு குடும்பம் மதுரையிலிருந்து வந்து தங்கியது, அந்த அம்மா ரசத்தைக் குடித்துவிட்டு, யார் வச்சது, கூப்பிடுங்க என்றார்கள். லாட்ஜ்காரர் சொன்னார், அது ஒரு சீசன் ஆளும்மா. கூப்பிடவில்லை. நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றேன். அந்த அம்மா முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை, குரல்தான். பிறகு பீடிக் கடையில் வைத்து ஒரு நர்ஸ் பிள்ளை சொல்லி இந்த ஹாஸ்டலுக்கு வந்தேன். அந்தப் பேர் போய்த் தொலைந்தது என்று நினைத்திருந்தேன். பதினோரு வருஷம் கழித்து, மேடம் கையால், இங்கிலீஷில், டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு.

மேடம் அப்படி எழுதுவார்களா. எழுதமாட்டார்கள். எழுதியிருக்கிறதே. ஒருவேளை நான் முதலில் லாட்ஜில் இருந்ததைச் சொல்ல வந்திருப்பார்கள், முன்னே சீசனில் வேலை பார்த்தவள், இப்போது இங்கே பார்க்கிறாள் என்று. அதற்கு ஏன் குக் என்ற வார்த்தைக்கு முன்னால் கொண்டுபோய் ஒட்டவேண்டும். நேற்றுச் சாயங்காலம் செண்பகத்திடம் கேட்கலாம் என்று வாயெடுத்தேன், அவள் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள், முகத்தில் அவ்வளவு சந்தோஷம், கேட்கவில்லை. இன்னொன்றும் ஞாபகம் வந்தது. பிள்ளைகள் ரூமில் வைத்துச் சாப்பிடும் நூடுல்ஸ் பாக்கெட்டுக்குள் சின்னதாக ஒரு பொடிப் பொட்டலம் இருக்கும், அதிலும் இதே சீசன் என்று போட்டு வேறு ஒரு வால் இருக்கும். சீசனிங். ஒரு பிள்ளையிடம் கேட்டிருக்கிறேன், மசாலாக்கா என்றாள். அப்படியென்றால் நான் மசாலா தடவிய சமையல்காரியா. சிரிப்பு வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது. ஒரு வார்த்தை, அதைப் பிடித்தால் ஒருபக்கம் குற்றாலம் வருகிறது, இன்னொரு பக்கம் நூடுல்ஸ் வருகிறது, நான் எங்கே வருகிறேன் என்றுதான் தெரியவில்லை. மேடத்துக்கு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். என்னவென்று கேட்பது. என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதினீர்களா என்றா. அந்த மேடத்திடமா. சாம்பாரைக் கொட்டிய அன்றைக்கு என்கூட நின்ற மேடத்திடமா.

அதை நினைத்தால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது, இப்போதும் பாருங்கள், பெஞ்சில் கூன் போட்டு உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டேன். ஏழெட்டு வருஷம் இருக்கும். புது கடையிலிருந்து துவரம்பருப்பு மூட்டை வந்திருந்தது. பெரிய அண்டாவில் சாம்பார், முந்நூறு பேருக்கு, கொதி அடங்கி இறக்கப்போகிற நேரம். ஆவி முகத்தில் அடித்தது, அதில் ஒரு வாடை. பூண்டு. லேசாக, ரொம்ப லேசாக. சுப்பையா மாஸ்டர் முகர்ந்தார், ஒன்றுமில்லையே என்றார். வேலம்மாளுக்கும் தெரியவில்லை. ஆனால் நான் பூண்டு போடவில்லை. சாம்பாருக்குப் பூண்டு போடுகிற வழக்கம் எங்கள் மெஸ்ஸில் கிடையாது. போடாத ஒன்று எப்படி வரும். அதையே நினைத்துக்கொண்டு கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இதைப் பரிமாறக் கூடாது என்றேன். ஸ்டோர் மேனேஜர் ஓடிவந்து கத்தினார், உன் மூக்கை நம்பி ஒரு அண்டா சாம்பாரைக் கொட்டவா, பிள்ளைங்க இப்ப வந்துரும், நீ யாரு இதைச் சொல்ல என்றார். மேடம் சத்தம் கேட்டு வந்தார்கள். "மேடம், இதுல பூண்டு வாடை அடிக்கு. நான் பூண்டே போடல." மேடமும் குனிந்து முகர்ந்தார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "நிச்சயமா முப்பிடாதி?" "நிச்சயம் மேடம்." "அப்ப கொட்டு." அவ்வளவுதான். இரண்டே வார்த்தை. நானும் வேலம்மாளும் ஆளுக்கொரு பக்கம் அண்டாவைப் பிடித்துக் கொண்டுபோய்க் குழியில் கொட்டினோம். பிள்ளைகளுக்குத் தயிரை ஊற்றி, தேங்காய்த் துவையல் அரைத்து, அரைமணி நேரத்தில் போட்டோம். பிறகு பருப்பு மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால், அடியில் சாம்பல் நிறத்தில் பொடி. பூச்சி விழாமல் இருக்க வைக்கிற மாத்திரை, மூட்டைக்குள்ளேயே விழுந்து உதிர்ந்து கிடந்தது. அந்த மாத்திரை வாடையே பூண்டு மாதிரிதான் இருக்கும் என்று காலேஜ் டாக்டர் சொன்னார். அந்தச் சாம்பாரைச் சாப்பிட்டிருந்தால் ஒன்றும் ஆகாமலும் போயிருக்கலாம். ஆகியிருக்கவும் செய்யலாம். மேடம் அன்றைக்கு என்னைப் பாராட்டவில்லை, சாயங்காலம் மெஸ்ஸுக்கு வந்து ஒரு டீ கேட்டார்கள், நின்றுகொண்டே குடித்தார்கள், தம்ளரை என் கையில் கொடுக்கும்போது கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டார்கள். அப்படிப்பட்ட மேடம்.

ஆனால் மேடத்துக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை நினைத்தால் நிமிர்ந்த முதுகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறது. அந்த மூக்கு, முந்நூறு பேர் சாம்பாரைக் கொட்ட வைத்த அந்த மூக்கு, கொரோனா இரண்டாவது அலை வந்தபோது செத்துப்போனது. காய்ச்சல் பதினைந்து நாள். எழுந்ததும் செண்பகம் காப்பி கொடுத்தாள், வாயில் ஊற்றினால் சூடு தெரிகிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. சர்க்கரை போடலையா என்றேன். ரெண்டு கரண்டி போட்டிருக்கேம்மா என்றாள். வெங்காயத்தை நசுக்கி மூக்கில் வைத்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது, வாசம் வரவில்லை. சரியாகிவிடும் என்றாள் அவள். மெஸ்ஸில் ஆள் இல்லை, சுப்பையா மாஸ்டரும் படுத்துவிட்டார், பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அந்தக் கொரோனா கவச உடுப்புக்குள் ஆறு மணி நேரம் வெந்துவிட்டு வருகின்றன, அவர்களுக்கு யார் சமைப்பது. போய் அடுப்படியில் நின்றேன். எனக்கு மூக்கும் இல்லை நாக்கும் இல்லை என்று மெஸ்ஸில் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் எண்ணெய் காயும்வரை சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடுகைப் போட்டேன், வெடித்தது, சத்தம் கேட்டது. சத்தம் இருக்கிறதே என்று நினைத்தேன். அதைப் பிடித்துக்கொண்டேன். பருப்பு வேகாதவரைக்கும் கொதிக்கும் சத்தம் வேறு, குழைந்த பிறகு வேறு, கொழகொழ என்று தடிமனாகிவிடும். மல்லி வறுபடும்போது நிறம் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் சட்டியில் ஓடும் ஓசை மாறும். மிளகாய்ப்பொடி பச்சை வாடை போனதா என்பதை எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்பதை வைத்துச் சொல்லிவிடலாம். உப்பை என் கை அறியும், இத்தனை அரிசிக்கு இத்தனை பிடி, கடைசியில் இரண்டு விரல். என் கைக்கு இவ்வளவு தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பாலுக்கு மட்டும்தான் பயம், திரிந்ததா என்று தெரியாதே, வேலம்மாளை விட்டு முகரச் சொல்வேன், எனக்கு ஜலதோஷம்ட்டி, நீ பாரு என்பேன். நான்கு மாசம். அந்த நான்கு மாசத்தில் ஒரு தட்டு திரும்பி வரவில்லை. ஒரு பிள்ளை ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னைக்கு ரசம் உயிரைக் கொண்டு வந்துட்டுக்கா என்றது. நான் சிரித்துவிட்டு ஸ்டோருக்குள் போய் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் அழவில்லை. அது என்ன அழுகை என்று இன்றைக்கும் எனக்கு பேர் வைக்கத் தெரியவில்லை. பிறகு ஒருநாள் பெருங்காயத்தை இடிக்கும்போது, தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி, அதன் வாசம் வந்தது. ஒவ்வொன்றாக வந்தன. மல்லிகைப்பூ மட்டும் இன்னும் வரவில்லை. பூவையா சமைக்கப் போகிறோம், போகட்டும். ஆனால் உள்ளே கேட்டால் என்ன சொல்வது. நாக்கு இல்லாமல் நான்கு மாசம் எங்கள் பிள்ளைகளுக்குச் சமைத்தாயா என்பார்கள். கேட்கமாட்டார்கள். எப்படிக் கேட்பார்கள், செண்பகத்தைத் தவிர யாருக்கும் தெரியாதே. தெரியாததை யாரும் கேட்கமுடியாது. ஆனால் பூண்டு போடாத சாம்பாரில் பூண்டு வந்ததே.

பெஞ்சின் அந்தப் பக்கம் இன்னொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும், கையில் ஃபைல், சுடிதார். அவளும் இதே வேலைக்குத்தான் வந்திருக்கிறாள், நாங்கள் இரண்டே பேர். வந்ததும் வணக்கம் சொன்னோம், பேர் ஹெலன் சுகந்தி, பாளையங்கோட்டை, கேட்டரிங் டிகிரி, மஸ்கட்டில் பெரிய ஹோட்டலில் ஆறு வருஷம் இருந்தாளாம், அம்மாவுக்கு பக்கவாதம் வந்து திரும்பிவிட்டாள். இங்க கிடைச்சா அம்மாகூட இருந்துக்கலாம்க்கா என்றாள். அதைக் கேட்டபோது எனக்கு அவளைப் பிடித்துப்போனது, பிடித்துப்போனதில் கோபமும் வந்தது. என்னுடைய ஜெராக்ஸையே நான் திருப்பித்திருப்பிப் பார்ப்பதை அவள் கவனித்திருக்க வேண்டும். என்னக்கா அது என்றாள். கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எதிராளி. ஆனால் இந்தக் கட்டிடத்தில் இப்போது இங்கிலீஷ் தெரிந்து என் பக்கத்தில் இருப்பவள் இவள் ஒருத்திதான். கொடுத்தேன். "இதுல ரெண்டாவது வரியில ஒரு வார்த்தை இருக்கு பாரும்மா. சீசன்னு. என்னைய சீசனுக்கு வந்துட்டுப் போற ஆளுன்னு எழுதியிருக்காவளோ?" அவள் படித்தாள். நான்கு வரியைப் படிக்க அவ்வளவு நேரம் ஆகாது. அவள் இரண்டாம் முறையும் படித்தாள், உதட்டை மடித்து வைத்துக்கொண்டு. நான் அவள் முகத்தை அடுப்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேப்பரை மடியில் வைத்துத் தடவிச் சரிசெய்தாள்.

"யாருக்கா அப்படிச் சொன்னது? அது அந்த சீசன் இல்லக்கா." நான் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். "மஸ்கட்ல எங்க செஃப் கத்திக்கிட்டே இருப்பாரு, அந்த சூப்பை சீசன் பண்ணுன்னு. உப்பு, மிளகு எல்லாம் சரியாப் போட்டு எடுன்னு அர்த்தம். அப்படிச் சரியா உப்பு உறைப்பு சேர்ந்துட்டா அந்தச் சாப்பாடு சீசன்ட்." அப்ப நான் நினைச்ச மாதிரி மசாலாதான் என்றேன். அவள் சிரித்தாள். "மசாலாவும் அதான். ஆனா மனுசங்களைச் சொன்னா வேற. ரொம்பக் காலம் அந்த வேலையில கிடந்து, எல்லாத்தையும் பார்த்து, இனிமே ஒண்ணும் அசைக்க முடியாதுன்னு ஆயிட்ட ஆளு இருக்காங்கள்ல, அவங்களையும் சீசன்ட்னுதான் சொல்லுவாங்க. புது இரும்புக்கல்லை எண்ணெய் தடவித் தடவிப் பழக்குவோமே, அதுக்கும் இதே வார்த்தைதான்க்கா." கல்லைப் பழக்குகிறதுக்குமா என்றேன். ஆமாக்கா என்றாள். "மேடம் உங்களை ரொம்பப் பெரிசா எழுதியிருக்காங்க. நான் வேலை பார்த்த இடத்துல யாரும் எனக்கு இப்படி எழுதித் தரல." பேப்பரைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, சாரலைப் பார்த்தாள். அவள் ஆமாக்கா, சீசன் ஆளுன்னுதான் போட்டிருக்கு என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். எழுந்துகூடப் போயிருப்பேன், மெஸ்ஸுக்கு. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் இரண்டாம் முறை படித்தாள். இரும்புக்கல். இந்த மெஸ்ஸில் இருக்கும் மூன்று தோசைக்கல்லும் நான் பழக்கியவை, முதல் வாரம் ஒரு தோசை எழும்பாது, பிய்ந்து பிய்ந்து வரும், வெங்காயத்தை வெட்டித் தேய், எண்ணெயைத் தடவு, மறுபடி ஊற்று, கல் கறுத்து, எண்ணெய் குடித்து, பிறகு ஒருநாள் தானாக விட்டுக்கொடுக்கும். அதைத்தான் சொல்கிறார்களா என்னை. கறுத்துப்போய், குடிக்கவேண்டியதைக் குடித்து. ஒரே வார்த்தையில் ருசியையும் வைத்துவிட்டு ஆளையும் வைத்துவிட்டார்களே. நம்மிடம் இல்லையா என்று தேடினேன். இருக்கிறது. வாய்க்குள்ளேயே கிடக்கிறது, தினமும் வேலம்மாளிடம் சொல்வேன், பக்குவம் பாத்து இறக்குட்டி. பக்குவமான மனுசி என்றும் சொல்வோம். பாகுக்கும் அதுதான், ஆளுக்கும் அதுதான். இங்கிலீஷ்காரர்களுக்கும் அப்படித் தோன்றியிருக்கிறதே.

கதவு திறந்தது. அருணாசலம் சார் என் பேரைக் கூப்பிட்டார். உள்ளே மூன்று பேர், நடுவில் பிரின்சிபால் மேடம், ஒரு பக்கம் கரஸ்பாண்டென்ட் ஐயா, இன்னொரு பக்கம் டிரஸ்டிலிருந்து வந்த கண்ணாடிக்காரர், அவரை எனக்குத் தெரியாது. உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். கண்ணாடிக்காரர்தான் கேட்டார், எட்டாம் வகுப்புதானா என்று. ஆமாய்யா. கேட்டரிங் படிச்ச ஆள் வெளியே இருக்காங்க, டிகிரி. தெரியும்யா, நல்ல பிள்ளை என்றேன். அவர் லேசாக நிமிர்ந்து பார்த்தார். இருநூற்று எண்பது பேருக்கு வாரத்துக்கு என்ன சாமான் வேண்டும், கேஸ் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள், பாத்திரம் எப்படி கழுவவேண்டும் என்று கேட்டார்கள். சொன்னேன். சொல்லச்சொல்ல என் குரல் எனக்கே பழகியது. பிறகு அவர் என் லெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு, சும்மா கேட்கிற மாதிரி, "வார்டன் இவ்வளவு உயர்வா எழுதியிருக்காங்க. உங்க சமையல் எப்பவும் ஒரே மாதிரி இருக்கும்னு போட்டிருக்காங்க. எப்படி? ஒவ்வொண்ணையும் ருசி பார்த்துத்தான் இறக்குவீங்களா?" என்றார். ஆமாய்யா என்று சொன்னால் முடிந்தது. வாயில் வந்தும்விட்டது. ஒருத்தி வெளியே உட்கார்ந்துகொண்டு, தனக்குப் பாதகமான ஒரு வார்த்தையை எனக்கு உண்மையாகச் சொன்னாள். அவள் சொன்ன உண்மையை வாங்கிக்கொண்டு உள்ளே வந்து நான் பொய் சொல்வதா. அதோடு எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, ஒளிக்கமாட்டேன், மூன்று வருஷத்துக்கு மேலாக அதை யாரிடமும் சொல்லமுடியாமல் மூடிவைத்த பெருமை.

"இல்லய்யா" என்றேன். "நாலு மாசம் எனக்கு ருசியும் கிடையாது, வாசமும் கிடையாது. ரெண்டாவது கொரோனா சமயம். நாக்குல ஒண்ணும் தெரியாம, இந்த மெஸ்லதான் சமைச்சேன்." கரஸ்பாண்டென்ட் ஐயா பேனாவை வைத்துவிட்டார். "இதை யார்கிட்ட சொன்னீங்க?" "யார்ட்டயும் சொல்லலய்யா." "அப்ப எங்ககிட்ட மறைச்சிருக்கீங்க." "ஆமாய்யா. சொன்னா அன்னைக்கே நிறுத்தியிருப்பிய. பிள்ளைங்களுக்குச் சமைக்க வேற ஆளும் இல்ல. மறைச்சது தப்புதான். சமைச்சதுல தப்பில்ல." எப்படித்தான் சமைத்தீர்கள் என்று கண்ணாடிக்காரர் கேட்டார், கேட்டவர் முன்னால் சாய்ந்துவிட்டார். கடுகுச் சத்தம், பருப்புக் கொதி, எண்ணெய் பிரிவது, பிடிக்கணக்கு உப்பு, வேலம்மாள் முகர்ந்த பால், எல்லாம் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. ஒரு தட்டு திரும்பி வந்ததா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அதுவரை பேசாமல் இருந்த பிரின்சிபால் மேடம் மெதுவாகச் சொன்னார்கள். "பிள்ளைங்ககிட்ட எதுக்கு? அந்த வருஷம் நான் வீட்டுக்கே போகல. நாலு மாசமும் மெஸ்லதான் சாப்பிட்டேன்." "தெரியும் மேடம்" என்றேன். "உங்களுக்கு பிரஷர். உப்பு சேர்க்குறதுக்கு முன்னாலயே தனியா எடுத்து வச்சிருவேன்." அவர்கள் என்னையே பார்த்தார்கள், பிறகு மேசையைப் பார்த்தார்கள். வெளியே இருங்க என்று கரஸ்பாண்டென்ட் ஐயா சொன்னார்.

ஹெலனை உள்ளே கூப்பிட்டார்கள். நான் மறுபடி பெஞ்சில். போச்சு என்று ஒரு மனசு சொன்னது. போனால் போகட்டும், பீடி சுற்றிய கை, மறுபடி சுற்றும் என்றது இன்னொன்று. எதற்குச் சொன்னேன், செண்பகத்திடம் என்ன சொல்வேன், அவள் இஸ்திரி போட்ட சேலை, சொல்லாமல் இருந்திருக்கலாமே, ஒரு ஆமாய்யா, நான்கு எழுத்து. ஆனால் எவ்வளவு யோசித்தாலும் அந்த நான்கு எழுத்தைச் சொல்லியிருக்கலாம் என்று மனசார நினைக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் ஒரு கதவைத் திறந்துவிட்ட மாதிரி காற்று போய் வந்தது. மெஸ்ஸில் தாளிக்கிறார்கள், வாசம் வராந்தாவரை வந்தது, கறிவேப்பிலை கொஞ்சம் அதிகம். ஹெலன் வந்தாள், என் பக்கத்தில், முன்பைவிடக் கிட்டே உட்கார்ந்தாள். என்ன கேட்டாங்கம்மா என்றேன். எல்லாம் கேட்டாங்க, கடைசியில உங்களைப் பத்தியும் கேட்டாங்க என்றாள். என்ன சொன்ன என்றேன். "நாக்கு செத்துப்போயி நாலு மாசம் சமைக்க முடியுமான்னு கேட்டாங்க. என்னால முடியாதுன்னு சொன்னேன்." கால்மணி நேரம் கழித்து இரண்டு பேரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டு, வேலை எனக்கு என்றார்கள். இனிமேல் உடம்புக்கு எது வந்தாலும் முதலில் எங்களிடம் சொல்லவேண்டும் என்றார் கரஸ்பாண்டென்ட் ஐயா, கண்டிப்பாகத்தான் சொன்னார், சரிய்யா என்றேன். வெளியே வந்ததும் ஹெலன் என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். முகத்தில் சிரிப்பு இல்லை, ஏன் இருக்கவேண்டும். சாப்பிட்டுட்டுப் போம்மா என்றேன். அம்மா தனியா இருக்காங்கக்கா, பன்னிரண்டு மணி பஸ் என்று சொல்லிவிட்டு ஃபைலைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு சாரலில் நடந்துபோனாள். கேட்டைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அருணாசலம் சார் ஆபீசுக்குக் கூப்பிட்டு, சேருகிற தேதி திங்கட்கிழமைனு போடட்டுமா, நல்ல நாள் என்றார். இன்னைக்கே போடுங்க சார், சோறு வடிக்கிற நேரமாச்சு என்றேன். முற்றத்தைக் கடந்து மெஸ்ஸுக்குள் நுழைந்தபோது வேலம்மாள் சாம்பார் அண்டாவுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றாள். என்னாச்சு யக்கா என்று கேட்க வாய் திறந்தவள், பிள்ளைகள் வரிசை கட்டிவிட்டதைப் பார்த்துவிட்டு, கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "யக்கா, உப்பு பாரு." நான் அண்டாவைப் பார்த்தேன், கொதிக்குக் காது கொடுத்தேன், ஓரத்தில் பிரிந்து நின்ற எண்ணெயைப் பார்த்தேன். "சரியா இருக்கு. இறக்கு." "நீ வாயில வைக்கவே இல்லியேக்கா!" பிறகுதான் அவள் கையிலிருந்த கரண்டியை வாங்கி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்தேன். ஆசைக்கு.